கேம் மாஸ்டரைத் தமிழில் என்னவென்று அழைப்பது?

கையேட்டாசிரியர் | திங்கள் காலை

குழுவினருக்கு வணக்கம்.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிக் கதை வளர்க்கும் விளையாட்டுகளை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ தொடங்கி வைத்த வகை அது. இதுவரை ஆடியே இராதவர்களுக்காகப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு தமிழ்க் கையேடு எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். செய்தி எல்லாம் முடிந்துவிட்டது, சொற்கள்தாம் முடியவில்லை.

என் கணவர் இந்த ஆட்டத்தை ஆடியதில்லை. அவரை மனத்தில் வைத்துத்தான் எழுதினேன். வரைவை அவரிடம் கொடுத்தபோது முதல் பக்கத்தில் ‘பாத்திரமேற்று நடிக்கும் விளையாட்டு’ என்று இருந்தது. படித்தவுடன் தாளைக் கீழே வைத்துவிட்டு, “எனக்கு நடிக்க வராது, என்னை விட்டுவிடு” என்றார். நடிக்கவே தேவையில்லை, ‘என் காவற்காரி கதவருகே போய் ஒட்டுக் கேட்கிறாள்’ என்று படர்க்கையில் சொன்னாலே போதும் என்று இரண்டாம் பக்கத்தில் தெளிவாக எழுதியிருக்கிறேன். அவர் இரண்டாம் பக்கத்துக்கே போகவில்லை.

ஆகவே முதலில் ஆட்டத்தின் வகைக்கு ஒரு பெயர் வேண்டும். அதைவிட அவசரமாக, மேசையில் ஆட்டத்தை நடத்துபவரான கேம் மாஸ்டருக்கு ஒரு பெயர் வேண்டும். புதிதாக வருபவர் முதலில் அஞ்சுவது அந்த ஆளைத்தான். பிறகு பாத்திரம், திறன் சோதனை (ஒரு செயல் கைகூடுகிறதா என்று பகடை உருட்டிப் பார்ப்பது), அமர்வு போன்றவை. பல அமர்வுகளாகத் தொடரும் ஆட்டமான ‘கேம்பெயின்’ என்பதற்கு மொழிபெயர்ப்புக் கருவிகள் ‘பிரச்சாரம்’ என்று தருகின்றன. அதை மட்டும் தயவுசெய்து யாரும் சொல்ல வேண்டாம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் | திங்கள் நண்பகல்

அன்புள்ள அம்மா,

நடிப்பை விலக்கியது நன்று. இன்றைய வழக்கில் அந்தச் சொல்லின்மேல் பொய் என்ற நிழல் விழுந்துவிட்டது. ‘வேடம்’ என்றால் நிழல் இன்னும் அடர்த்தி.

இருக்கும் சொல்லை விட்டுவிட்டு ஏன் புதிது தேட வேண்டும்? உரியியலில் தொல்காப்பியர் ‘கெடவரல் பண்ணை ஆயிரண்டும் விளையாட்டு’ என்கிறார். மெய்ப்பாட்டியல் தொடங்குவதே ‘பண்ணைத் தோன்றிய எண்ணான்கு பொருளும்’ என்றுதான். நகை, அழுகை, அச்சம், பெருமிதம் என்று எட்டு மெய்ப்பாடுகளையும் விரிக்கப் புகுமுன், அவை பிறக்கும் இடமாக ஆசிரியர் விளையாட்டைக் காட்டுகிறார். உங்கள் மேசையில் நடப்பதும் அதுதானே? விளையாட்டுக்குள் இருந்துகொண்டே அஞ்சுகிறார்கள், சிரிக்கிறார்கள், பெருமிதம் கொள்கிறார்கள். விளையாட்டையும் நாடகச் சுவையையும் சேர்த்துச் சொல்லும் சொல் இதைவிட எங்கே கிடைக்கும்? ‘கதைப்பண்ணை’ என்று வையுங்கள்.

கேம் மாஸ்டருக்கு வழி இன்னும் எளிது. ஆடு என்பது தன்வினை, ஆட்டு என்பது பிறவினை. ஓடு – ஓட்டு, கூடு – கூட்டு போல. ஆடுபவர் ஆடுநர், அவர்களை ஆட்டுபவர் ஆட்டுநர். ஒரே வேரில் இரண்டு சொல்லும் முடிந்துவிடும். ‘ஆட்டுவித்தால் ஆரொருவர் ஆடாதாரே’ என்ற அப்பர் வாக்கும் துணைக்கு இருக்கிறது. பழம்பாடல்களில் ஆடு என்பதற்கு வெற்றி என்ற பொருளும் உண்டு, ஆகவே ஆடுநர் வெல்பவரும் ஆவார்.

மென்பொருள் தமிழாக்கர் | திங்கள் மாலை

ஐயாவுக்கு வணக்கம். மேற்கோள்களில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் இன்று ‘பண்ணை’ என்றால் கோழியும் பாலும்தான் கண்முன் வரும். பக்கத்திலேயே ‘ஆட்டுநர்’ என்றும் வந்தால், கையேட்டை எடுப்பவர் ஆடு வளர்ப்பைப் பற்றியது என்றே நினைப்பார். சொல்லின் பழைய பொருளை விளக்க ஒரு பத்தி எழுதலாம், ஆனால் அந்தப் பத்திக்கு வாசகர் வந்து சேர வேண்டுமே. இந்த இழை தொடங்கியதே ஒருவர் முதல் பக்கத்தோடு நின்றுவிட்டார் என்பதால்தான்.

என் கருத்து வெளிப்படையானது. ‘கேம் மாஸ்டர்’ என்றே தமிழ் எழுத்தில் எழுதுங்கள். இந்த ஆட்டத்துக்கு வருபவர் நாளை ஒரு காணொளி பார்ப்பார், ஒரு விதிநூலைப் புரட்டுவார். அங்கே இருக்கும் சொல்லும் இங்கே இருக்கும் சொல்லும் ஒன்றாக இருந்தால் அவருக்குப் பாதி வேலை குறையும். மென்பொருள் இடைமுகங்களில் இதைப் பலமுறை பார்த்துவிட்டேன். நாம் வியந்து ஆக்கிய சொல்லைப் பயனர் தாண்டிப் போய் ஆங்கில இடைமுகத்துக்கு மாறிக்கொள்கிறார். அவரைத் தமிழில் தக்கவைப்பதும் தமிழ்ப் பணிதான்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் | திங்கள் இரவு

தம்பி, ‘மாஸ்டர்’ தமிழில் ஏற்கெனவே குடியேறிவிட்ட சொல். பள்ளிக்கூடத்து மாஸ்டர், டான்ஸ் மாஸ்டர். இருவருமே தவறைத் திருத்துபவர்கள். நடிக்க வராது என்று அஞ்சும் ஒருவர் முன் ஒரு மாஸ்டரைக் கொண்டுபோய் உட்கார வைக்கிறீர்களே, அது நியாயமா? கடன்சொல் பொருள் சுமக்காமல் வெறுங்கையோடு வருவதில்லை.

நெடுநாள் ஆட்டக்காரர் | செவ்வாய் காலை

வணக்கம். பல ஆண்டுகளாக மேசையின் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டம் நடத்துபவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு செய்தி. இந்தப் பதவிக்கு ஆங்கிலத்திலேயே ஒரு பெயர் கிடையாது. 1824இல் பிரஷ்யாவில் ராய்ஸ்விட்ஸ் வெளியிட்ட போர்ப்பயிற்சி ஆட்டத்தில் அவர் நடுவர். 1969இல் டேவிட் வெஸ்லி நடத்திய ‘பிரவுன்ஸ்டைன்’ ஆட்டத்தில் ஆளுக்கொரு தனிப் பாத்திரம் கொடுக்கப்பட்டது, அப்போதும் அவர் நடுவர்தான். 1974இன் முதல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நூல்களிலும் ‘ரெஃப்ரி’ என்றே இருக்கிறது. டஞ்சன் மாஸ்டர் என்ற பட்டம் பின்னால் வந்தது. 1977இன் ‘டிராவலர்’ மறுபடியும் ரெஃப்ரி என்றது. 1981இல் ‘கால் ஆஃப் கதுல்ஹு’ காப்பாளர் என்ற பொருளில் ‘கீப்பர்’ என்றது. 1991இல் ‘வாம்பயர்’ கதைசொல்லி என்றது. 2010இல் ‘அபோகலிப்ஸ் வேர்ல்ட்’ விழா நடத்துபவருக்கு உரிய ‘எம்.சி.’ என்ற பெயரை எடுத்துக்கொண்டது. அந்த இருக்கையில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு ஆட்டமும் தன் கருத்தைப் பெயரிலேயே சொல்லியிருக்கிறது. ஆகவே ‘கேம் மாஸ்டர்’ என்று எழுதினால் எல்லா இடத்திலும் ஒரே சொல்லாக இருக்கும் என்ற வாதம் நிற்காது.

அடுத்தது, அவர் உண்மையில் என்ன செய்கிறார் என்பது. ஒருவர், “பள்ளத்தைத் தாண்டிக் குதிக்கிறேன்” என்கிறார். பள்ளம் அகலமானது, பதினைந்து வேண்டும் என்று நான் சொல்கிறேன். அவர் இருபது முகப் பகடையை உருட்டுகிறார், பதினொன்று விழுகிறது. அவருடைய பாத்திரத்தின் உடல்வலுவுக்கு மூன்று கூட்டினால் பதினான்கு. ஒன்று குறைகிறது. விழுந்தார் என்று முடித்துவிடலாம். ஆனால் நான், “கால் எட்டவில்லை, கை விளிம்பைப் பற்றிக்கொண்டது, பின்னால் துரத்தி வருபவர்களின் காலடி கேட்கிறது, என்ன செய்கிறாய்?” என்கிறேன். அந்தக் கேள்விக்கு அவர் என்ன சொல்வார் என்று எனக்கும் தெரியாது. தெரியாததால்தான் ஆடுகிறேன்.

அப்பர் வாக்கில் ஆடுபவருக்குத் தன் விருப்பம் என்று ஒன்று இல்லை. ஆட்டுவிப்பவன் இறைவன், ஆடாமல் இருக்க முடியாது. அது பக்திக்குப் பொருந்தும். மேசைக்கு அது நேர் எதிர். ‘ஆட்டுநர்’ என்று சொன்னால், நாம் பொம்மைகள் என்று புதியவர் எண்ணிக்கொள்வார். ஆடு என்பதற்கு வெற்றி என்ற பொருளும் இங்கே உதவாது. இந்த ஆட்டத்தில் வெல்பவர் தோற்பவர் என்ற பிரிவே கிடையாது. புதியவர்கள் முதலில் கேட்பதும் அதைத்தான்: “எப்படி ஜெயிப்பது?”

என் வாக்கு ‘நடுவர்’ என்ற சொல்லுக்கு.

பள்ளி ஆசிரியை | செவ்வாய் நண்பகல்

வகுப்பில் இதை ஆடவைக்கிறேன், எட்டாம் வகுப்பு. அங்கே கிடைத்ததைச் சொல்கிறேன்.

முதலில் ‘கதைசொல்லி’ என்று என்னை அறிமுகப்படுத்திக்கொண்டேன். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு கதை கேட்க உட்கார்ந்துவிட்டார்கள். “என்ன செய்கிறாய்?” என்று கேட்டால், “நீங்களே சொல்லுங்கள் டீச்சர்” என்றார்கள். அடுத்த வகுப்பில் ‘நடத்துநர்’ என்றேன். டிக்கெட் கேட்டார்கள். ‘நடுவர்’ என்றபோது, யார் நன்றாக ஆடினார், யாருக்குப் பரிசு என்று கேட்டார்கள். பட்டிமன்றத்திலும் விளையாட்டுத் திடலிலும் நடுவர் இறுதியில் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும், அதைத்தான் அவர்கள் எதிர்பார்த்தார்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். அது கையேட்டுக்கு உதவும் என்று நினைக்கிறேன். ‘பாத்திரம்’ என்பது அஃறிணை. “உன் பாத்திரம் என்ன செய்கிறது?” என்று கேட்டால், “அது கதவைத் திறக்கிறது” என்று பதில் வருகிறது. சொல்பவருக்கும் கதவுக்கும் இடையில் ஒரு ‘அது’ வந்து நின்றுகொள்கிறது. “உன் மந்திரக்காரி என்ன செய்கிறாள்?” என்றால், “திறக்கிறாள்” என்று வருகிறது. எழுவாயை விட்டுவிட்டு வெறுமனே “என்ன செய்கிறாய்?” என்றால், “திறக்கிறேன்” என்று வருகிறது. நடிக்கச் சொல்லாமலே அந்தப் பிள்ளை தன்மை இடத்துக்கு வந்துவிடுகிறது. தமிழில் வினைமுற்றே இந்த வேலையைச் செய்துகொடுக்கும்போது, பாத்திரம் என்ற அஃறிணைச் சொல்லை அடிக்கடி இழுத்துவர வேண்டுமா? ‘கதைமாந்தர்’ என்றால் “திறக்கிறார்” என்றாவது வரும்.

நாடக ஆர்வலர் | செவ்வாய் மாலை

யாரும் தெருக்கூத்தை நினைக்கவில்லையே என்று வியப்பாக இருக்கிறது. கட்டியங்காரனைப் பாருங்கள். களத்துக்கு முதலில் வருபவன் அவன். அரசன் வந்தால், “யார் நீர், எங்கிருந்து வருகிறீர்?” என்று கேட்டு, வந்தவன் வாயாலேயே அவனைப் பற்றிச் சொல்ல வைப்பவன். தேவைப்படும்போது தூதன், காவலன், ஊர்க்காரன் என்று எல்லாச் சில்லறைப் பாத்திரமும் தானே ஆகிறவன். கதைக்குள்ளும் நிற்பான், வெளியே வந்து பார்வையாளரோடும் பேசுவான். ஆட்டக்காரர் சொன்ன எம்.சி. என்பதற்கு நேரான தமிழ் ஆள் இவன்தான். கேட்டுக் கேட்டுக் கதையை முன்னே நகர்த்துவது அவன் தொழில். ‘கட்டியங்காரர்’ என்று பலர்பாலில் வையுங்கள், பெண்களும் அந்த இருக்கையில் அமர்வார்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் | செவ்வாய் இரவு

நல்ல முன்வைப்பு, மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் கட்டியங்காரன் என்றவுடன் தமிழ் படித்தவருக்கு நினைவு வருபவன் சீவக சிந்தாமணியின் அமைச்சன். தன்னை நம்பி ஆட்சியை ஒப்படைத்த சச்சந்தனைக் கொன்று அரியணை ஏறியவன். ஆட்டத்தை நம்பி ஒப்படைக்கும் பதவிக்கு அந்தப் பெயரா? மேலும் ‘கட்டியம்’ என்பது அரசனின் புகழைக் கூவிச் சொல்வது. அங்கே கேள்வி இல்லை, புகழ்ச்சிதான் உண்டு.

வகைப்பெயருக்கு வேறொன்று தோன்றுகிறது. ‘அரங்கின்றி வட்டாடியற்றே’ என்கிறது குறள். அங்கே அரங்கு என்பது மேடை அன்று, ஆடுவதற்கு வகுத்த கட்டம். நற்றிணையின் மூன்றாம் பாட்டில் சிறுவர்கள் வேப்பமர நிழலில் ‘கட்டளை அன்ன வட்டரங்கு இழைத்து’ நெல்லிக்காய் கொண்டு ஆடுகிறார்கள். பொன் உரைக்கும் கல்லில் விழும் கோடுகள்போலத் தரையில் கட்டம் கீறியிருக்கிறார்கள். பின்னாளில் அதே சொல் நாடக மேடைக்கும் ஆயிற்று. ஒரு சொல்லுக்குள் ஆட்டக் கட்டமும் நாடக மேடையும் இருக்கின்றன. உங்கள் விளையாட்டோ போர்ப்பயிற்சிக் கட்டத்திலிருந்து பிறந்து நாடகத்துக்கு வந்தது என்று ஆட்டக்காரர் எழுதுகிறார். அரங்கு என்ற சொல்லும் அதே பாதையில்தான் நடந்திருக்கிறது! ‘அரங்காட்டம்’ என்று சொல்லிப் பாருங்கள்.

ஆடுபவர் தாமாகப் பேசுவதையும் கதைமாந்தராகப் பேசுவதையும் பிரித்துக்காட்டச் சொல் வேண்டுமென்றால், அதுவும் ஆயத்தமாக இருக்கிறது. ‘நாடக வழக்கினும் உலகியல் வழக்கினும்’ என்று அகத்திணையியல் சொல்கிறது. “பகடை எங்கே விழுந்தது?” என்பது உலகியல் வழக்கு. “இந்தக் குகைக்குள் நான் வரமாட்டேன்” என்பது நாடக வழக்கு. தலைவி கூற்று, தோழி கூற்று என்று ஈராயிரம் ஆண்டாகப் பிறர் வாயால் பேசிப் பழகியவர்கள் நாம்.

மென்பொருள் தமிழாக்கர் | புதன் காலை

ஐயா, நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்ற இணையை முழுமனத்தோடு ஏற்கிறேன். அரங்காட்டம் என்றால் மேடை நடனம் என்று எண்ணுவார்கள், அதை ஏற்க முடியவில்லை.

ஆசிரியை சொன்ன கதைமாந்தர் பற்றி ஓர் ஐயம். மாந்தர் என்பது மக்களை மட்டும் குறிக்கும். இந்த ஆட்டங்களில் எல்ஃப் என்ற மாய இனம் வரும், குள்ளர் இனம் வரும், பேசும் டிராகன் வரும். டிராகன் கதைமாந்தரா? அது பேசும்போது ‘என்றது’ என்று எழுதுவதா, ‘என்றான்’ என்று எழுதுவதா? கையேட்டின் மாதிரி உரையாடலில் ஒரு டிராகன் இருக்கிறது. ஒரு பக்கத்தில் ‘சிரித்தது’, அடுத்த பக்கத்தில் ‘கேட்டான்’ என்று இருக்கிறது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் | புதன் நண்பகல்

இதற்காகவே காத்திருந்தேன் தம்பி.

தொல்காப்பியர் ‘உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே’ என்று வரையறுத்தார். அந்தக் கணக்கில் டிராகன் அஃறிணை, ஐயமில்லை. பவணந்தியார் நன்னூலில் ‘மக்கள் தேவர் நரகர் உயர்திணை’ என்று வாயிலைச் சற்று அகலத் திறந்தார். எல்ஃபைத் தேவகணத்தில் சேர்த்துக்கொண்டால் நன்னூல்படி அது உயர்திணை. பேய்களை நரகரில் சேர்க்கலாம். டிராகன் எந்தக் கணம்? ‘மற்றுயிர் உள்ளவும் இல்லவும் அஃறிணை’ என்று அடுத்த அடி கதவை மூடிவிடுகிறது. ஆனால் ‘கேட்குந போலவும் கிளக்குந போலவும்’ அஃறிணையைச் சொல்லலாம் என்று அவரே இடம் தருகிறார். ஆகவே டிராகன் பேசலாம், ஆனால் ‘என்றது’ என்றே பேச வேண்டும். ‘என்றான்’ வழு.

நெடுநாள் ஆட்டக்காரர் | புதன் மாலை

இலக்கணம் வழு என்றாலும் மேசையில் வேறு மாதிரி நடக்கிறது ஐயா. டிராகன் என்ன விரும்புகிறது என்று தெரியாத வரை எல்லோரும் ‘அது’ என்கிறார்கள். ஒருமுறை ஒரு டிராகன், “என் முட்டைகளை எங்கே வைத்தீர்கள்?” என்று கேட்டது. அந்த நிமிடத்திலிருந்து மேசையில் எல்லோரும் ‘அவள்’ என்றார்கள். நான் எதுவும் சொல்லித் தரவில்லை. வாளை உறையில் போட்டுவிட்டுப் பேச்சுவார்த்தை தொடங்கினார்கள். திணை மாறினால் ஆட்டமே மாறுகிறது. கையேட்டில் இதைச் சரிசெய்யாமல் விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கையேட்டாசிரியர் | புதன் இரவு

எல்லோருக்கும் நன்றி. டிராகன் முதலில் ‘அது’வாக வந்து பேசியபின் ‘அவன்’ ஆகும்படி மாதிரி உரையாடலைத் திருத்திவிட்டேன். ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்று நாளில் முடிவானவற்றைச் சொல்கிறேன். மறுப்பு இருந்தால் நாளைக்குள் எழுதுங்கள்.

‘சோதனை’யை நீக்கிவிட்டேன். சோதனை என்றால் தேர்வு, இல்லையென்றால் வாழ்க்கையில் வரும் துன்பம். ‘முயற்சி’ என்று வைத்திருக்கிறேன். ‘வலிமை முயற்சி: 15’ என்று எழுதினால், தான் என்ன செய்கிறோம் என்று உருட்டுபவருக்குத் தெரிகிறது. பகடை பகடையாகவே இருக்கட்டும். ‘கவறு’ வேண்டும் என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். சொல் எனக்கும் பிடிக்கும், ஆனால் குறளில் அது சூது அதிகாரத்துக் கருவி. எதையும் பணயம் வைக்காத ஆட்டத்துக்கு அந்தப் பெயர் வேண்டாம். ‘அமர்வு’ ஏற்கெனவே புழங்குகிறது.

‘கேம்பெயின்’ இன்னும் நிற்கிறது. ‘ஒரே அமர்வில் முடியும் ஆட்டத்தில் தொடங்குங்கள், ஆயத்தப் பாத்திரங்களைக் கொடுங்கள், ஒரு மணி நேரம் ஆடியபின் பிடித்திருந்தால் மட்டும் கேம்பெயினுக்குப் போங்கள்’ என்று எழுத வேண்டும். புதியவரை முதல் நாளே பாத்திரம் உருவாக்கச் சொல்லி ஆறு திறன்களையும் எண்களையும் அவர் முன் பரப்பினால், ஆட்டம் தொடங்குமுன்னே களைத்துவிடுவார். இந்த வாக்கியம்தான் கையேட்டின் உயிர். அதில் ஒரு விளங்காச் சொல் இருக்கக் கூடாது.

நெடுநாள் ஆட்டக்காரர் | வியாழன் காலை

அந்தச் சொல் படையெடுப்பிலிருந்து வந்தது. 1974இன் முதல் நூலின் துணைத்தலைப்பிலேயே ‘வார்கேம் கேம்பெயின்கள்’ என்று இருக்கிறது. ஆனால் இப்போது மேசையில் படை இல்லை. ‘நெடுங்கதை’ போதும். ஒரே அமர்வில் முடிவது ‘ஓரமர்வுக் கதை’. நெடுங்கதை என்றால் நாவலோடு குழம்பும் என்று யாராவது சொல்வார்கள், சூழலே தெளிவாக்கிவிடும்.

பள்ளி ஆசிரியை | வியாழன் நண்பகல்

நெடுங்கதைக்கு என் ஒப்புதல். வகைப்பெயரும் அதற்கு இயைந்து ‘கதையாட்டம்’ என்றே இருக்கட்டுமே. பிள்ளைகள் தாமாகவே அப்படித்தான் சொல்கிறார்கள். “டீச்சர், இன்றைக்குக் கதையாட்டம் உண்டா?” என்று கேட்கிறார்கள். அதில் நடிப்பு இல்லை, மேடை இல்லை, கோழியும் இல்லை.

நாடக ஆர்வலர் | வியாழன் மாலை

கதையாட்டம் மிகத் தட்டையாக இருக்கிறது. கதை இருக்கும் எல்லாக் கணினி விளையாட்டும் கதையாட்டம்தானே? ‘புனைவாட்டம்’ என்றால் மாலை புனைவது, வேடம் புனைவது, கதை புனைவது மூன்றும் உள்ளே வரும். ஆக்குபவரும் அணிபவரும் ஒருவரே என்பதுதான் இந்த ஆட்டத்தின் தனித்தன்மை. அதை ‘புனை’ சொல்கிறது, ‘கதை’ சொல்லவில்லை.

மட்டுறுத்துநர் | வியாழன் இரவு

நண்பர்களே, கையேடு நாளை மாலை அச்சுக்குப் போகிறது. இழை நீண்டுவிட்டதால் வாக்குகளைத் தொகுக்கிறேன்.

வகைப்பெயருக்குப் பெரும்பான்மை ‘கதையாட்டம்’. ‘புனைவாட்டம்’ அடுத்த இடத்தில் இருக்கிறது. கதைப்பண்ணைக்கும் அரங்காட்டத்துக்கும் முன்மொழிந்தவரின் ஆதரவு மட்டும் உண்டு. கேம் மாஸ்டருக்கு எந்தச் சொல்லுக்கும் பாதி வாக்குக்கூட விழவில்லை. நடுவர், கட்டியங்காரர், கதைசொல்லி, ஆட்டுநர், கேம் மாஸ்டர் என்று சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொருவருக்கும் இரண்டாம் விருப்பம் எது என்று தனிமடலில் கேட்டபோது ‘நெறியாளர்’ என்ற சொல்லுக்குப் பலர் இசைந்தார்கள். யாரும் அதை முதல் விருப்பமாகச் சொல்லவில்லை, பெரிதாக எதிர்க்கவும் இல்லை. கையேட்டாசிரியர் விரும்பினால் அதை எடுத்துக்கொள்ளலாம்.

கையேட்டாசிரியர் | வெள்ளி காலை

‘கதையாட்டம்’, ‘நெறியாளர்’ இரண்டையும் போட்டுவிட்டேன். பாத்திரத்துக்கு ‘கதைமாந்தர்’. மாதிரி உரையாடலில் எங்கும் “என்ன செய்கிறாய்?” என்றுதான் நெறியாளர் கேட்கிறார். நாடக வழக்கு, உலகியல் வழக்கு இரண்டும் ஒன்பதாம் பக்கத்தில் ஒரு பெட்டிக்குள் இருக்கின்றன. அதைப் படித்துவிட்டு, “அப்படியென்றால் நான் உலகியல் வழக்கிலேயே ஆடுகிறேன்” என்று கணவர் சொல்லிவிட்டார். அது தாராளமாகப் போதும்.

ஒரு சொல் மட்டும் காலியாக இருக்கிறது. மேசை நடுவில் ஓர் அட்டை வைப்போம். கதையில் ஏதாவது ஒன்று ஒருவருக்கு மனவேதனை தந்தால் அதைத் தொடுவார். காரணம் கேட்காமல் அந்தக் காட்சியை விட்டுவிட்டு அப்பால் போவோம். ஆங்கிலத்தில் ‘எக்ஸ் கார்டு’. புதியவர்களோடு ஆடும்போது இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், அறிமுகமில்லாதவர் நடுவில் வாய்விட்டு “நிறுத்துங்கள்” என்று சொல்வது கடினம். ‘விலக்கு அட்டை’ என்று எழுதியிருக்கிறேன். மாலை நான்கு மணிக்குள் வேறு சொல் கிடைத்தால் மாற்றுவேன்.

நெடுநாள் ஆட்டக்காரர் | வெள்ளி நண்பகல்

விலக்கு அட்டை நன்றாக இருக்கிறது, மாற்ற வேண்டாம்.

நெறியாளருக்கு என் எதிர்ப்பைப் பதிவுசெய்கிறேன். தனிமடல் எனக்கும் வந்தது, பயணத்தில் இருந்ததால் பதில் எழுத முடியவில்லை. நெறி என்றால் வழி. நெறியாளர் வழியை ஆள்பவர். இந்த ஆட்டத்தில் அந்த இருக்கையில் இருப்பவர் செய்யக்கூடிய மிகப் பெரிய கேடு அதுதான். தான் முன்பே எழுதி வைத்த வழியில் எல்லோரையும் தண்டவாளத்தில் ஓட்டுவதுபோல ஓட்டிக்கொண்டு போவது. ஆடுபவர் காட்டுக்குள் திரும்பினாலும், ஆற்றைக் கடந்தாலும், கடைசியில் அதே கோட்டை வாசலில்தான் வந்து நிற்பார்கள். அப்படி ஒருமுறை ஆடியவர் மறுமுறை வருவதில்லை. புதியவருக்குக் கொடுக்கும் கையேட்டில் அந்தக் கேட்டையே பதவியின் பெயராக எழுதுகிறோம். நடுவர் என்ற சொல்லில் பரிசுக் குழப்பம் இருந்தால், “இங்கே பரிசு இல்லை” என்று ஒரு வரியில் தீர்த்துவிடலாம். வழியை ஆள்பவர் என்ற எண்ணத்தை ஒரு வரியில் தீர்க்க முடியாது. என் மேசையில் நடுவர் என்றே சொல்வேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் | வெள்ளி மாலை

நெறி என்பதற்கு ஒழுக்கம், விதி, முறை என்றும் பொருள் உண்டு ஆட்டக்காரரே. புலனெறி என்னும்போது யாரும் தண்டவாளத்தை நினைப்பதில்லை. ஆனாலும் உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. ஆட்டுநரை நீங்கள் மறுத்ததும் இதே காரணத்துக்காகத்தான்.

கையேடு போய்விட்டிருக்கும். இரண்டாம் பதிப்புக்கு முன், ‘பண்ணை’ என்ற சொல் விளையாட்டிலிருந்து வயலுக்கு எப்போது, எப்படி இறங்கியது என்று தேடி எழுதுகிறேன். அது தெரிந்தால் அதை மேசைக்குத் திருப்பிக் கொண்டுவரவும் வழி கிடைக்கும் என்று நம்புகிறேன்.